கல்லீரல் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி: பரூக் புளூம்பெர்க்கைப் பற்றிப் பேசலாம்

ஆற்றங்கரை:
கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றிய இழையில் ஒரு நண்பர் அதைப் "புற்றுநோய்க்கு எதிராக வந்த முதல் தடுப்பூசி" என்று எழுதியிருந்தார். அது 2006-ல் வந்தது. அதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே, 1981 நவம்பரில், அமெரிக்காவில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. நம் வீட்டுக் குழந்தைகளுக்குப் பிறந்த அன்றே போடுகிறார்களே, அந்த ஊசியின் முதல் வடிவம்தான். மஞ்சள் காமாலைக்குப் போடுவது என்றுதான் பெரும்பாலும் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் உலகில் கல்லீரல் புற்றுநோய்க்கு முதன்மையான காரணங்களில் ஒன்று ஹெபடைடிஸ் பி வைரஸ். ஊசி அதையும் சேர்த்துத் தடுக்கிறது.

இதன் தொடக்கத்தில் இருந்தவர் பரூக் புளூம்பெர்க். 1925-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தார், இயற்பியலில் பட்டம் பெற்றார், மேற்படிப்புக்குக் கணிதத்தில் சேர்ந்தார். வழக்கறிஞரான அப்பா "மருத்துவம் படிக்கலாமே" என்று சொல்ல, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1951-ல் எம்.டி. முடித்தார். பிறகு ஆக்ஸ்போர்டில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம்.

என் கண்ணில் இவருடைய வாழ்க்கையின் திருப்பம் மாணவப் பருவத்திலேயே நடந்துவிட்டது. மருத்துவப் படிப்பின் நடுவே 1950-ல் தென் அமெரிக்காவின் சூரினாமில், மோயெங்கோ என்ற சுரங்க ஊருக்குச் சில மாதம் போனார். கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யப் பல நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அந்த நாட்டில் அருகருகே வாழ்ந்தார்கள். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு எல்லாரையும்தான் தாக்க முடியும். ஆனால் ஒரு கூட்டத்தாரிடம் நோய் அதிகம், இன்னொரு கூட்டத்தாரிடம் குறைவு. ஒரே நோய்க்கு மனிதர்களின் உடல் ஏன் இப்படி வேறு வேறாக நடந்துகொள்கிறது? இந்தக் கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை. வைரஸ், தடுப்பூசி, நோபல் எல்லாம் இதன் வழியாகத்தான் வந்தன. அவர் அவற்றைத் தேடிப் புறப்படவே இல்லை.

குமரிக்கடல்:
நல்ல தலைப்பு. ஆனால் "தேடாமலே கிடைத்தது" என்றால் அதிர்ஷ்டம் என்றுதானே பொருள்? ஆய்வாளர்களைப் பற்றி எழுதும்போது அதிர்ஷ்டத்தைத் திறமை என்று சொல்லிவிடுகிறோம் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். இவருடைய பங்கு என்ன என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஆற்றங்கரை:
நியாயமான கேள்வி. கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

1957-ல் அவர் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் சேர்ந்தார். ரத்தத்தில் உள்ள புரதங்கள் ஆளுக்கு ஆள் எப்படி மாறுகின்றன என்பதுதான் ஆய்வு. நைஜீரியா, அலாஸ்கா, பசிபிக் தீவுகள் என்று பல இடங்களிலிருந்து ரத்த மாதிரிகள் சேர்ந்தன. ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் அந்த யோசனை. ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா போன்ற நோய் உள்ளவர்களுக்கு ஆயுள் முழுக்க அடுத்தவர் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். தன் உடலில் இல்லாத புரதம் உள்ளே வந்தால் உடல் அதற்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கும். ஆகவே பல முறை ரத்தம் ஏற்றிக்கொண்டவரின் சீரத்தை (ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீர்) எடுத்து, உலகெங்கும் இருந்து வந்த மாதிரிகளோடு எதிரெதிரே வைத்தால், எது யாரிடம் புதியது என்று தெரிந்துவிடும்.

அகர் கூழ் பூசிய தட்டில் சிறு குழிகள். நடுக்குழியில் ஹீமோபிலியா நோயாளியின் சீரம், சுற்றிலும் மற்றவர்களுடையது. இரண்டும் கூழுக்குள் கசிந்து சந்திக்கும் இடத்தில் பொருத்தம் இருந்தால் வெண்மையாக ஒரு கோடு விழும். 1963-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு ஹீமோபிலியா நோயாளியின் சீரம் அப்படி ஒரு கோட்டைக் காட்டியது. எதிர்க்குழியில் இருந்தது ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரம். அதனால் "ஆஸ்திரேலியா ஆன்டிஜென்" என்று பெயர் வைத்தார்கள். ஆன்டிஜென் என்றால் ஆன்டிபாடியை உண்டாக்கும் பொருள். அப்போது அவரோடு வேலை செய்த இளைஞர் ஹார்வி ஆல்டர். ஹெபடைடிஸ் சி வைரஸுக்காக 2020-ல் நோபல் பெற்ற அதே ஆல்டர்தான்.

அந்தக் கோடு விழுந்தது அதிர்ஷ்டம் என்று சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் கோடு விழக்கூடிய ஒரு தட்டை யோசித்து உருவாக்கி, பல நாட்டு மாதிரிகளை உறையவைத்துச் சேமித்து வைத்திருந்தது அதிர்ஷ்டம் இல்லை.

வன்னிமரம்:
நான் ரத்த வங்கியில் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். இந்த இடத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். அந்தக் கோட்டைப் பார்த்தபோது அவர்கள் அதை வைரஸ் என்று நினைக்கவே இல்லை. பரம்பரையாக வரும் ஏதோ ஒரு புரதம் என்றுதான் எண்ணினார்கள். இன்று நமக்குக் காரணம் தெரியும். அந்த ஆஸ்திரேலியர் ஹெபடைடிஸ் பி கிருமியை உடலில் நெடுநாளாகச் சுமந்தவர். ஹீமோபிலியா நோயாளிக்கு யாரோ ஒருவரின் ரத்தம் வழியாக அதே கிருமி வந்து, அதற்கு எதிரான ஆன்டிபாடி உருவாகியிருந்தது. பரம்பரை வேறுபாட்டைப் பிடிக்கப் போட்ட வலையில் தொற்று வந்து மாட்டியது.

நாங்கள் இன்று ஒவ்வொரு ரத்தப் பையிலும் தேடிப்பார்க்கும் எச்பிஎஸ்ஏஜி இருக்கிறதே, அதுதான் அன்று அவர்கள் பார்த்த ஆஸ்திரேலியா ஆன்டிஜென். அறிக்கையில் "நெகட்டிவ்" என்று எழுதும் எல்லாருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மருதாணி:
வன்னிமரம் அண்ணா, அப்போ பரம்பரை என்று நினைத்ததிலிருந்து தொற்று என்று எப்படி மாறினார்கள்?

ஆற்றங்கரை:
மருதாணி, இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். புற்றுநோய் ஆய்வு உள்ளே வருவதும் இங்கேதான்.

அமெரிக்கர்களின் ரத்தத்தில் அந்த ஆன்டிஜென் மிக அரிது. ஆயிரத்தில் ஒருவரிடம் இருந்தால் அதிகம். ஆனால் ரத்தப் புற்றுநோய் (லுகேமியா) உள்ளவர்களில் சுமார் பத்தில் ஒருவரிடம் இருந்தது. 1965-ல் வெளிவந்த முதல் கட்டுரையின் தலைப்பே "லுகேமியா சீரத்தில் ஒரு புதிய ஆன்டிஜென்" என்ற பொருளில்தான் இருக்கும். 1964-ல் அவர் பிலடெல்பியாவின் ஃபாக்ஸ் சேஸில் உள்ள புற்றுநோய் ஆய்வு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அங்கே ஒரு கருதுகோள் வைத்தார்: இந்த ஆன்டிஜென் உள்ளவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் வரும் பரம்பரைத் தன்மை இருக்கலாம். அப்படியானால், புற்றுநோய் இன்னும் வராத, ஆனால் வரும் வாய்ப்பு அதிகம் உள்ள கூட்டத்திலும் இது கூடுதலாக இருக்க வேண்டும். பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். பார்த்தார்கள். சுமார் 30 சதவீதம் பேரிடம் இருந்தது.

கருதுகோள் சரியாகிவிட்டது போலத்தானே தோன்றுகிறது? பலரும் அங்கேயே நின்றிருப்பார்கள். அவர்கள் இன்னும் தோண்டினார்கள். பெரிய காப்பகங்களில் கூட்டமாக வாழ்ந்தவர்களிடம்தான் அவ்வளவு. சிறிய காப்பகங்களில் குறைவு. வீட்டில் வளர்ந்தவர்களிடம் மிகக் குறைவு. பிறந்த குழந்தைகளிடம் இல்லவே இல்லை. பரம்பரை என்றால் எங்கே வாழ்ந்தாலும் ஒன்றுபோல இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் 1966-ல், முன்பு ஆன்டிஜென் இல்லாத ஒரு நோயாளியிடம் அது புதிதாகத் தோன்றியது. பிறவியிலேயே வருவது நடுவில் எப்படி வரும்? அவரை அழைத்துவந்து சோதித்தார்கள். வெளியே அறிகுறி எதுவும் இல்லை, ஆனால் கல்லீரலில் அழற்சி. அடுத்த ஆண்டு ஆய்வகத்திலேயே பணியாற்றிய ஒரு பெண்ணுக்கு உடல்நலம் கெட்டது. தன் ரத்தத்தைத் தானே சோதித்துப் பார்த்தார். மெல்லிய கோடு ஒன்று விழுந்திருந்தது. பிறகு அவருக்குக் காமாலை வந்தது. இந்தச் சோதனையால் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் காமாலை நோயாளி அவர்தான்.

குமரிக்கடல்:
இப்போது புரிகிறது. அதிர்ஷ்டம் என்று சொன்னதை இந்தப் பகுதிக்குப் பொருத்த முடியாது. தனக்குச் சாதகமாக வந்த முடிவையே மேலும் கேள்வி கேட்டது பெரிய விஷயம்.

ஆனால் வேறொன்று உறுத்துகிறது. காப்பகத்தில் இருந்த டவுன் சிண்ட்ரோம் நோயாளிகள், ஆஸ்திரேலியப் பழங்குடிகள்... இவர்களிடம் எல்லாம் சம்மதம் எப்படி வாங்கினார்கள்? "எங்கள் ரத்தம் இதற்குப் பயன்படும்" என்று அவர்களுக்குத் தெரியுமா?

தென்றல்78:
குமரிக்கடல் கேட்டதை ஒதுக்கிவிடக் கூடாது. இதைவிடக் கடுமையானதும் இந்த வரலாற்றில் உண்டு. நியூயார்க்கில் வில்லோபுரூக் என்று அறிவு வளர்ச்சி குறைந்த குழந்தைகளுக்கான அரசுக் காப்பகம் இருந்தது. சால் குருக்மன் என்ற குழந்தைநல மருத்துவர் 1950களின் நடுவிலிருந்து அங்கே உள்ள குழந்தைகளுக்கு வேண்டுமென்றே ஹெபடைடிஸ் தொற்றை ஏற்றி ஆய்வு செய்தார். பெற்றோர் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் நெரிசலால் பொதுப் பிரிவில் இடம் இல்லாத காலத்திலும் ஆய்வுப் பிரிவில் இடம் கிடைத்தது. அப்படி வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல முடியுமா?

அந்த ஆய்வில்தான் ஹெபடைடிஸ் இரண்டு வகை என்பது தெளிவானது. தொற்றுள்ள சீரத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் பாதுகாப்புத் தருகிறது என்பதும் அங்கிருந்தே வந்தது. இது புளூம்பெர்க் செய்த ஆய்வு இல்லை, அவர் மேல் போட முடியாது. ஆனால் தடுப்பூசியின் வரலாற்றை எழுதும்போது அந்தக் குழந்தைகளை விட்டுவிட்டு எழுதினால் அது முழு வரலாறு ஆகாது.

ஆற்றங்கரை:
ஒத்துக்கொள்கிறேன், தென்றல். "எப்படியும் தொற்று வந்திருக்கும்" என்பதுதான் அன்று சொன்ன நியாயம். எப்படியும் வரும் என்றால் காப்பகத்தைச் சுத்தப்படுத்தியிருக்க வேண்டும், தொற்றை ஏற்றியிருக்கக் கூடாது. பயன் கிடைத்தது என்பதால் செய்தது சரியாகிவிடாது.

நிழற்குடை:
நடுவே குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தடுப்பூசியை எப்படிச் செய்தார்கள் என்று யாராவது சொல்லுங்களேன். அந்த வைரஸை ஆய்வகத்தில் வளர்க்க முடியாது என்று எங்கோ படித்தேன். வளர்க்க முடியாத கிருமியில் தடுப்பூசி எப்படி?

வன்னிமரம்:
இதில்தான் புளூம்பெர்க்கும் அவருடைய சக ஆய்வாளர் இர்விங் மில்மனும் செய்த பெரிய வேலை இருக்கிறது.

இந்த வைரஸ் ஒரு வீண்செலவாளி. தனக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு மேலுறையைச் செய்து ரத்தத்தில் கொட்டுகிறது. ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்பது இந்த உறைதான். முழு வைரஸ் 42 நானோமீட்டர். வெறும் உறையால் ஆன உருண்டைகள் 22 நானோமீட்டர். உருண்டைக்குள் மரபணு கிடையாது, ஆகவே தொற்றாது. ஆனால் நம் உடல் அடையாளம் கண்டு எதிர்ப்பது அந்த உறையைத்தான். அப்படியென்றால் கிருமியை ஏன் வளர்க்க வேண்டும்? கிருமியைச் சுமப்பவரின் ரத்தத்திலிருந்து உறையை மட்டும் பிரித்து, மிச்சம் மீதி உயிருள்ள வைரஸ் இருந்தால் அதைச் செயலிழக்கச் செய்து, அதையே ஊசியாகப் போட்டால்? 1969-ல் இருவரும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். மனித ரத்தத்திலிருந்து தடுப்பூசி என்பது அதற்கு முன் யாரும் செய்யாதது.

அதைத் தொழிற்சாலை அளவில் செய்து காட்டியவர் மெர்க் நிறுவனத்தின் மாரிஸ் ஹில்மன். பெப்சின், யூரியா, ஃபார்மால்டிஹைடு என்று மூன்று கட்டமாகச் சுத்திகரித்தார். எந்த வைரஸும் மிஞ்சக் கூடாது என்பதில் அவர் காட்டிய பிடிவாதம் பிறகு பெரிய உதவியானது. ஊசி வந்த அதே சமயத்தில்தான் எய்ட்ஸ் தலைகாட்டியது. "ரத்தத்தில் செய்த ஊசியா?" என்று மக்கள் பயந்தார்கள். அந்தச் சுத்திகரிப்பு எச்ஐவியையும் கொன்றுவிடும் என்பது பின்னர் உறுதியானது. 1986-ல் ஈஸ்ட் என்ற நொதிப்பூஞ்சையில் உறைப் புரதத்தை வளர்க்கும் புதிய ஊசி வந்ததும் ரத்தத்தின் தேவையே போய்விட்டது. இன்று நாம் போட்டுக்கொள்வது இந்த வகைதான். இந்தியாவில் 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இதைச் செய்து மலிவான விலைக்குக் கொண்டுவந்தது.

தென்றல்78:
இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும்: வூல்ஃப் ஷ்முனெஸ். போலந்து யூதர். ஹிட்லரின் படையிலிருந்து தப்பிக் கிழக்கே ஓடி, சோவியத்தில் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார். குடும்பத்தை இன அழிப்பில் இழந்தார். அங்கேயே மருத்துவம் படித்தார். மனைவிக்கு ரத்தம் ஏற்றியதில் ஹெபடைடிஸ் வந்து உயிருக்கே ஆபத்தானது. அதிலிருந்துதான் இந்த நோய்மேல் அவருக்கு அக்கறை. 1969-ல் அமெரிக்காவுக்கு அகதிபோல வந்து, நியூயார்க் ரத்த மையத்தில் அடிமட்டத்தில் தொடங்கினார்.

தடுப்பூசி வேலை செய்கிறதா என்று உறுதிசெய்த பரிசோதனையை நடத்தியவர் அவர். நியூயார்க்கின் ஓரினச்சேர்க்கை ஆண்கள் 1,083 பேர் தாமாக முன்வந்தார்கள். அவர்களிடையே தொற்று மிக அதிகம் என்பதால் விரைவில் விடை கிடைக்கும். பாதிப் பேருக்குத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு வெறும் ஊசி. 1980-ல் வந்த முடிவு: நோய் 92 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டே ஆண்டில், 1982-ல், ஷ்முனெஸ் இறந்துபோனார். நோபலைப் பற்றிப் பேசும்போது புளூம்பெர்க் பெயர் மட்டும் வருவது எனக்கு வருத்தம்.

குமரிக்கடல்:
நோபல் 1976-லேயே கொடுத்துவிட்டார்கள், தென்றல். ஊசி வருவதற்கு ஐந்து ஆண்டு முன்பு. அது வைரஸைக் கண்டதற்கான பரிசு, கார்ல்டன் கஜ்டுசெக் என்ற இன்னொரு ஆய்வாளரோடு பகிர்ந்தது. ஊசிக்கான பாராட்டு எல்லாருக்கும் பொது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

எனக்கு இன்னும் ஒன்று தெளிவாக வேண்டும். வைரஸ் உள்ளவர்களுக்குப் புற்றுநோயும் வருகிறது என்றால், வைரஸால்தான் வருகிறது என்று எப்படிச் சொன்னார்கள்? புற்றுநோயாளியின் பலவீனமான உடலில் வைரஸ் பிறகு வந்து தங்கியிருக்கலாமே.

ஆற்றங்கரை:
சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஃபாக்ஸ் சேஸ் குழுவினர் மேற்கு ஆப்பிரிக்காவில் செனகலின் டாக்கரில் பார்த்தார்கள். கல்லீரல் புற்றுநோய் உள்ளவர்களின் தாய்மாரிடம் வைரஸ் கூடுதலாக இருந்தது. பிறக்கும்போது தாயிடமிருந்து வந்து, பல பத்தாண்டு கழித்துப் புற்றுநோய் ஆகிறது என்பதற்கு அது ஒரு குறிப்பு. பிலடெல்பியா விலங்குக் காட்சிச்சாலையில் வுட்சக் என்ற அணில் இனப் பிராணிகள் கல்லீரல் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தன. அவற்றிடம் இதே குடும்பத்து வைரஸ் ஒன்றை ஃபாக்ஸ் சேஸிலேயே கண்டார்கள்.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேரான பதிலைத் தந்தவர் அமெரிக்க மருத்துவர் பால்மர் பீஸ்லி. தைவானில் 22,707 அரசு ஊழியர்களை, எல்லாரும் ஆண்கள், முதலில் ரத்தம் சோதித்து வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். வைரஸ் முதலில் இருந்தது, புற்றுநோய் பிறகு வந்தது. 1981-ல் வெளியிட்டபோது, வைரஸ் உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வாய்ப்பு 200 மடங்குக்கும் மேல். இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் புற்றுநோய் ஆய்வில் அபூர்வமாகத்தான் பார்க்க முடியும்.

அடுத்து தைவானே சோதனைக்களம் ஆனது. 1984-ல் தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1986 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி போடத் தொடங்கினார்கள். 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70 ஆக இருந்தது, 1990களின் முற்பகுதியில் 0.36 ஆகிவிட்டது. ஊசி போட்டுப் புற்றுநோய் குறைந்ததை மனிதர்கள் எண்ணிப் பார்த்தது அதுதான் முதல் முறை.

நிழற்குடை:
எங்கள் ஊரில் காமாலை என்றால் கீழாநெல்லிதான். அதற்கும் புளூம்பெர்க்குக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒருவர் சொன்னார். நிஜமா?

வன்னிமரம்:
நிஜம். 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழுவும் புளூம்பெர்க்கும் சேர்ந்து கட்டுரை எழுதினார்கள். நெடுநாளாக வைரஸைச் சுமப்பவர்களுக்கு ஒரு மாதம் கீழாநெல்லி கொடுத்ததில், 37 பேரில் 22 பேரிடம் ஆன்டிஜென் மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. ஆகவே இன்று அதை ஹெபடைடிஸ் பி-க்கு மருந்தாக நம்பியிருக்க முடியாது. நோபல் வாங்கிய ஒருவர் நம் வயல் வரப்புச் செடியை முறையான பரிசோதனைக்கு உட்படுத்த முன்வந்ததை நான் மதிக்கிறேன். அதே பரிசோதனை முறை பிறகு "இல்லை" என்று சொன்னதையும் மதிக்க வேண்டும்.

நிழற்குடை:
நன்றி. கேட்டதற்குக் காரணம் உண்டு. என் சித்தப்பாவுக்கு ரத்த தானத்தின்போது இந்தத் தொற்று இருப்பது தெரியவந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்கிறார், கீழாநெல்லி மட்டும் அரைத்துக் குடிக்கிறார். சித்தி தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைத்துவிட்டார். வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது.

மருதாணி:
நிழற்குடை, நான் கிராம சுகாதார செவிலியர். தட்டு, டம்ளரால் இது பரவாது. சேர்ந்து சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கலாம். ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து குழந்தை என்ற வழிகளில்தான் பரவும். சவரக் கத்தி, பல் துலக்கும் பிரஷ் மட்டும் தனியாக இருக்கட்டும். சித்தியும் பிள்ளைகளும் ரத்தம் சோதித்து, தொற்றும் எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்றால் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம்.

சித்தப்பாவுக்கு "ஒன்றும் இல்லை" என்பதுதான் எனக்குக் கவலை. இந்த நோய் அப்படித்தான் இருக்கும். வைரஸ் எவ்வளவு, கல்லீரல் எப்படி என்று மருத்துவர் பார்த்துத்தான் மாத்திரை வேண்டுமா என்று முடிவு செய்வார். 2018-ல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் சோதனையும் சிகிச்சையும் இலவசம். ஸ்கேனும் அவர்கள் சொல்லும் இடைவெளியில் விடாமல் எடுக்க வேண்டும்.

எல்லாருக்கும் ஒன்று. பிறந்த குழந்தைக்கு இந்தத் தொற்று வந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். பெரியவர்களுக்கு வந்தால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் தங்கும். அதனால்தான் முதல் ஊசி 24 மணி நேரத்துக்குள். பிறகு 6, 10, 14 வாரங்களில், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியோடு சேர்ந்து வரும். தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் 2011 டிசம்பரில் பென்டாவேலன்ட் முதலில் வந்தது. "நல்ல நாள் பார்த்துப் போடலாம்" என்று முதல் ஊசியைத் தள்ளிப்போடும் வீடுகளை இன்னும் பார்க்கிறேன். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

நிழற்குடை:
மிக்க நன்றி அக்கா. இதை அப்படியே சித்திக்குப் படித்துக் காட்டுகிறேன். சனிக்கிழமை சித்தப்பாவை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறேன்.

தென்றல்78:
புளூம்பெர்க் கடைசியில் என்ன செய்தார்? காப்புரிமையில் பணக்காரர் ஆனாரா?

ஆற்றங்கரை:
காப்புரிமை அவர் வேலை செய்த நிறுவனத்தின் பெயரில் இருந்தது, தென்றல். அவர் வேறு வேறு திசைகளில் போய்க்கொண்டே இருந்தார். 1989-லிருந்து 1994 வரை ஆக்ஸ்போர்டின் பேலியோல் கல்லூரிக்குத் தலைவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் அமெரிக்கர். 1999-ல், 70 வயதைத் தாண்டிய பிறகு, நாசாவின் வானுயிரியல் நிறுவனத்துக்கு இயக்குநர் ஆனார். பூமிக்கு வெளியே உயிர் இருக்குமா என்று தேடும் வேலை. 2011 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் நாசா வளாகத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசி முடித்த சிறிது நேரத்தில் இறந்தார். அவர் பிறந்த நாளான ஜூலை 28-ஐ உலக ஹெபடைடிஸ் தினமாக வைத்திருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தத் தொற்றோடு வாழ்ந்தவர்கள் 25 கோடிக்கும் மேல், இறந்தவர்கள் சுமார் 11 லட்சம். ஊசி வந்து நாற்பது ஆண்டுக்குப் பிறகும் இந்த நிலை.

பீஸ்லியின் தைவான் ஆய்வைப் பற்றிக் குமரிக்கடல் தனிமடலில் இன்னும் சில கேள்விகள் அனுப்பியிருக்கிறார். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். மருதாணி, பிறந்தவுடன் போடும் ஊசியைப் பற்றி நீங்கள் எழுதியதை அங்கே முதல் பதிவாக வைத்துக்கொள்ளலாமா?

மருதாணி:
தாராளமாக. தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கு ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் (வைரஸை எதிர்க்கும் தயாரான ஆன்டிபாடி) கொடுக்க வேண்டும் என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள், இங்கே எழுத விட்டுப்போனது.